ஜீன் ரிப்போர்ட்டில் 'வி.யூ.எஸ்.' என்று வந்தால்

பாளையங்கோட்டையில் என் ஓ.பி.க்கு வருகிறவர்களில், 'பாசிட்டிவ்' வந்தவர்களைவிட 'வி.யூ.எஸ்.' (Variant of Uncertain Significance, பொருள் உறுதியாகாத மாற்றம்) வந்தவர்கள்தான் அதிகம் பதறுகிறார்கள். பாசிட்டிவ் என்றால் அடுத்து என்ன செய்வதென்று சொல்லிவிடலாம். இதில் அப்படி முடியாது. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. அது நோயைத் தருமா, சும்மா கிடக்குமா என்று சொல்ல இன்றைக்குப் போதிய சான்று இல்லை. ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான்.

2015-ல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு வகுத்த முறைப்படி மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறோம். 'அநேகமாக நோய் தரும்' என்று எழுதவே 90 சதவீதத்துக்கு மேல் உறுதி வேண்டும். அந்த அளவுக்குச் சான்று சேராதவை, தீங்கில்லை என்று தள்ளவும் முடியாதவை நடுவில் வி.யூ.எஸ். என்று தேங்கி நிற்கின்றன.

நம் பக்கத்தில் இது கூடுதலாக வரக் காரணம் உண்டு. ஒரு மாற்றம் மக்களிடையே எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று லேப் ஒப்பிடும் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் நம் ஊர்களில், தாத்தாமார் எழுபது வயதிலும் சுகமாகச் சுமந்து திரியும் மாற்றம்கூட அங்கே அபூர்வமாகத் தெரியும்; அபூர்வம் என்பதால் தீங்கில்லை என்று தள்ள முடியாமல் போகும். ஜீனோம் இந்தியா திட்டத்தின் சுமார் 10,000 பேர் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. கொஞ்சம் விடியும்.

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஓர் அம்மா, மகளோடு வந்தார். அவருக்கு மார்பகப் புற்றுநோய், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்கள் இரண்டோடும் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் வி.யூ.எஸ். "டாக்டரம்மா, பிள்ளைக்கும் எடுத்துப் பாத்திருவோம். இருந்தா கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பிள்ளையப் பெத்துட்டு கர்ப்பப்பைய எடுத்திரலாம்லா?"

வேண்டாம் என்றேன். மகளிடம் அந்த மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சொல்லப்போவது மாறாது. குடும்பத்தில் வேறு யாருக்கு என்று கேட்டபோதுதான், மஞ்சப்பைக்குள்ளிருந்து அக்காவின் பழைய பயாப்ஸி தாள் வந்தது. சினைப்பையில் புற்றுநோய். "அது வயித்துக் கட்டிம்மா, இதுக்கும் அதுக்கும் என்ன?" என்றார். எனக்கு ரிப்போர்ட்டைவிடப் பெரிய செய்தி அதுதான். சிகிச்சை முடிந்து நலமாக இருக்கும் அந்த அக்காவுக்கும் டெஸ்ட் எடுத்தோம். அந்த மாற்றம் அவரிடம் இல்லை. அதனால் அதன் மேலிருந்த சந்தேகம் சற்றுக் குறைந்தது, தீர்ந்துவிடவில்லை. (இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நிரூபணமாகியிருக்காது. உடன்பிறந்தவர்கள் மரபணுக்களில் பாதியைப் பகிர்ந்துகொள்பவர்கள்தானே.) ஆனால் அக்கா, தங்கை இருவருக்கும் வந்திருப்பதால் மகளுக்கு மார்பகப் பரிசோதனையைச் சீக்கிரமே தொடங்கச் சொன்னேன். வி.யூ.எஸ். என்றாலே ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதும் தப்புதான்.

சொந்தத்தில் கல்யாணம் செய்து, நோயுள்ள குழந்தைக்கு வி.யூ.எஸ். வந்தவர்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வாருங்கள். சான்று சேர்க்க மாதங்கள் ஆகலாம். உறுதியாகாத மாற்றத்தை நம்பி வயிற்றிலிருக்கும் பிள்ளையைச் சோதித்து முடிவெடுக்க முடியாது.

ஓரிரு வருடம் கழித்து லேபிடம் மறுபரிசீலனை கேளுங்கள். மறுவகைப்படுத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாத பக்கமே போகின்றன. லேப் தானாகக் கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். செல்போன் நம்பர் மாறினால் ஆஸ்பத்திரியிலும் சொல்லிவையுங்கள். ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும் கையில் இருக்கட்டும், முதல் பக்கத்தின் போட்டோ மட்டும் பத்தாது.