மோப்ப நாய் உண்மையில் எதைக் கற்கிறது?

வரிசையாக ஆறு தகரப் பெட்டிகள், மூடிகளில் சிறு துளைகள். லாப்ரடார் நாய் ஒன்று மூக்கைத் தாழ்த்திக்கொண்டு மூன்று பெட்டிகளைத் தாண்டுகிறது. நான்காவதையும் தாண்டி அரை அடி போனபின், யாரோ காதைப் பிடித்து இழுத்ததுபோல் தலை வெடுக்கென்று திரும்புகிறது. திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. அப்படியே உட்கார்ந்து பெட்டியையே வெறிக்கிறது. அந்த நொடியே பயிற்சியாளர் கையிலிருந்து டென்னிஸ் பந்து பறக்கிறது. பாடம் இவ்வளவுதான். இதையே வாரக்கணக்கில், நூற்றுக்கணக்கான தடவை செய்வார்கள்.

'நாய்க்கு மோப்பம் பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள்' என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். மீன்குஞ்சுக்கு யார் நீச்சல் கற்றுத்தருவது? மணம் உணரும் செல்கள் மனித மூக்கில் 50, 60 லட்சம் என்றால், நாய் மூக்கில் 20 கோடிக்கு மேல் என்பது வழக்கமான மதிப்பீடு. மோப்பம் பிடிக்கும்போது நாய் நொடிக்கு ஐந்து தடவை போலக் காற்றை இழுக்கிறது. இழுத்த காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு மூக்கின் பின்புறம் மணத்துக்கென்றே உள்ள பகுதிக்குப் பிரிந்து போகிறது. வெளிவிடும் மூச்சோ நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் பாய்வதால், எதிரே இருக்கும் வாசனை கலைவதில்லை. இதெல்லாம் நடக்க வாய் மூடியிருந்தால்தான் நல்லது. நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயின் மோப்பத் திறன் குறைந்துவிடும். அதனால்தான் அந்த லாப்ரடார் உட்காருவதற்கு முன்பே, வாய் மூடிய கணத்திலேயே பயிற்சியாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஆக, நாய்க்குத் தெரியாதது வாசனை அல்ல. ஆயிரம் வாசனைகளில் எதைச் சொன்னால் பந்து கிடைக்கும் என்பதுதான். போதைப்பொருளுக்கு அடிமையாக்கித்தான் தேட வைக்கிறார்கள் என்றொரு கதை உலவுகிறது. சுத்தப் பொய். நாய்க்குப் பைத்தியம் பந்தின் மேல்தான். இலக்கு வாசனை வந்தால் உடனே பந்து வரும் என்று திரும்பத் திரும்பக் காட்டினால், அந்த வாசனையே அதற்குப் பந்தின் முன்னறிவிப்பு ஆகிவிடுகிறது. கண்டதும் உட்கார வேண்டும் என்பது அடுத்த படி. வெடிபொருள் தேடும் நாய் கீறவோ கடிக்கவோ கூடாது என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நாம் கற்றுத்தர நினைப்பதை நாய் கற்பதில்லை. பந்துக்கு முன் எது தவறாமல் வருகிறதோ, அதைக் கற்கிறது. மாதிரியை எப்போதும் ஒரே ரகப் பிளாஸ்டிக் பையில் வைத்தால், பையை நன்றாகக் கண்டுபிடிக்கும். ஒரே ஆள் ஒளித்து வைத்தால், அவர் கையின் வாசனையைத் தேடும். முந்தைய நாய் எச்சில் வடித்த பெட்டிகூடத் துப்புதான். ஆகவே வெற்றுப் பை, கையுறை, ஒட்டுநாடா, உணவு, ஏன் பந்தையே கூட மற்றப் பெட்டிகளில் போட்டு, அவற்றுக்குப் பரிசு கிடையாது என்று புரியவைக்க வேண்டும். அளவையும் மாற்ற வேண்டும். சில கிராமில் மட்டுமே பழகிய நாய், மூட்டையாக இருக்கும் அதே பொருளின் முன் குழம்பக்கூடும். 'பொருள்' என்பதும் நம் கணக்கு. கொக்கெயின் எளிதில் ஆவியாவதில்லை. நாய்கள் அதிலிருந்து சிதைந்து வரும் மெத்தில் பென்சோயேட் என்ற வேதிப்பொருளின் வாசனையைப் பிடித்துக்கொள்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

எல்லாவற்றையும் விடப் பெரிய துப்பு, கயிற்றின் மறுமுனையில் நிற்கிற மனிதர். நான்காவது பெட்டியருகே அவர் அரை நொடி நடையைத் தளர்த்தினாலே நாய்க்குப் போதும். ஜெர்மனியில் கூட்டல் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்பவரின் உடலசைவைப் படித்தே குளம்பைத் தட்டியது என்று 1907-இல் உளவியலாளர் ஓஸ்கர் ஃபூங்ஸ்ட் நிறுவினார். 2011-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. 18 நாய்களையும் அவற்றைக் கையாளுபவர்களையும் வரவழைத்து, சில இடங்களில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம் இலக்கின் அடையாளம் என்று ஆட்களிடம் சொன்னார்கள். உண்மையில் எங்கும் போதைப்பொருளும் இல்லை, வெடிபொருளும் இல்லை. 144 தேடல்களில் எதுவும் இல்லை என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே. நாயை ஈர்க்கவென்று தொத்திறைச்சியும் பந்தும் ஒளித்த இடங்களைவிட, மனிதர் கண்ணில் பட்ட காகிதத்தருகேதான் 'கண்டுபிடித்துவிட்டது' என்ற அறிவிப்புகள் அதிகம். நாய்கள் உட்கார்ந்தனவா, உட்கார்ந்ததாக ஆட்கள் நம்பினார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. எப்படியானாலும் கோளாறு மூக்கில் இல்லை.

இதனால்தான் நல்ல பயிற்சியில் இரண்டு வகைத் தேடல்கள் கட்டாயம். ஒன்று, எந்தப் பெட்டியிலும் இலக்கு இல்லாத தேடல். 'இங்கே ஒன்றுமில்லை' என்று கடந்து போகவும் நாய் பழக வேண்டும். மற்றது, இலக்கு எங்கே என்று அறையில் உள்ள எவருக்குமே தெரியாத தேடல். அதில் நாய் உட்காரும்போது கையாளுபவரின் கை பாக்கெட்டுக்குள் பந்தைப் பிடித்தபடி நிற்கும். "இருக்கிறது" என்று உரக்கச் சொல்கிறார். கதவுக்கு வெளியே, குறிப்பேட்டுடன் இருப்பவரிடமிருந்து "சரி" என்று குரல் வந்த பிறகே பந்து வெளியே வருகிறது.