மாமாவின் ஜிபிஎஸ்ஸும் 64 ஜிபி கார்டும்

மாமாவின் கார்க் கண்ணாடியில் இன்னமும் ஒரு பழைய ஜிபிஎஸ் கருவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், "லைன் போனா அது முழிக்கும், இது முழிக்காது" என்பார். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போவதற்குள் புது வரைபடம் ஏற்ற வேண்டும் என்று புக்கிட் பிந்தாங்கில் 64 ஜிபி மெமரி கார்டு வாங்கி வந்தார். கருவி அதைச் சீந்தவில்லை. "கார்டு ரோசாக்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கார்டில் ஒரு கோளாறும் இல்லை. அதில் எழுதியிருந்த கணக்குதான் கருவிக்குப் புரியவில்லை.

கார்டின் உள்ளே இருப்பவை வெறும் கட்டங்கள். ஒரு கோப்பு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, அடுத்த துண்டு எங்கே கிடக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு பேரேடு உண்டு. தோட்டத்துக் கிராணி வைத்திருக்கும் செக்ரோல் என்ற ஆள் பதிவேடு மாதிரி: அதைப் படிக்கத் தெரியாதவருக்கு யார் எந்த நிரையில் நிற்கிறார் என்று தெரியாது. பழைய கருவிகள் படிப்பது 1996-இல் வந்த ஃபேட்32 பேரேட்டை. 32 ஜிபியைத் தாண்டிய கார்டுகளுக்கோ, 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி என்ற கார்டுத் தரம் எக்ஸ்ஃபேட் என்ற வேறு பேரேட்டை விதித்துவிட்டது. 2008-இல் செய்த கருவிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

சரி, ஃபேட்32-ஆக மாற்றினால் போச்சு. ஆனால் விண்டோஸின் ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் அந்த வாய்ப்பையே நெடுங்காலம் காட்டவில்லை. ஃபேட்32 தாங்கக்கூடியது 2 டிபி வரை. அந்த 32 ஜிபி வரம்பு விண்டோஸ் போட்ட வேலிதான். ரூஃபஸ் போன்ற இலவச நிரலுக்கு அந்த வேலி கிடையாது. கார்டில் இருப்பது அழிந்துபோகும், முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

கட்ட அளவை 32 கேபி என்று வைத்தேன். அப்படி வைத்தால் 64 ஜிபிக்குச் சுமார் 20 லட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்று பேரேடு 8 எம்பிக்குள் அடங்கும். 4 கேபி என்றால் அது எட்டு மடங்கு தடிக்கும். பழைய கருவியின் சின்ன மூளை அதைப் புரட்டியே களைத்துவிடும்.

எல்லாக் கருவிக்கும் இது பலிக்காது. 2006-இல் எஸ்டிஎச்சி என்ற முந்தைய கார்டுத் தரம் வருவதற்கு முன் செய்த கருவிகள் கார்டில் இடத்தைப் பைட் பைட்டாக எண்ணும். 32 பிட் எண்ணால் 4 ஜிபிக்கு மேல் எண்ணவே முடியாது. எஸ்டிஎச்சி முதல் 512 பைட்டை ஒரு கட்டாக எண்ணத் தொடங்கினார்கள். எண்ணும் முறையே வேறு என்பதால் அங்கே ஃபார்மட் செய்து பயனில்லை, 2 ஜிபி கார்டைத்தான் தேட வேண்டும். எஸ்டிஎச்சி தெரிந்த கருவியோ, எஸ்டிஎக்ஸ்சி கார்டையும் அதே முறையில் எண்ணுவதால், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

மாமாவுடையது ஏற்றுக்கொண்டது. முதல்முறை விழித்தெழ மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. வரைபடம் போக எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப மிச்சத்துல பாட்டு ஏத்திக் குடு."