விரல் ஒரு சொல்லில், வாய் வேறு சொல்லில்

நான்காம் வகுப்புப் பையன். அம்மா தமிழ்ப் பாடநூலை விரித்துக் கொடுத்ததும் ஒரு பக்கத்தைத் தங்குதடையின்றிப் படித்தான். "பார்த்தீர்களா மேடம், வீட்டில் நன்றாகத்தான் படிக்கிறான். பரீட்சையில்தான் கோட்டை விடுகிறான். எல்லாம் திமிர்" என்றார் அவர்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது பையனின் விரலை. வாய் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. விரல் இரண்டாவது வரியின் நடுவில் நின்றது. அதே பாடத்திலிருந்து ஐந்து சொற்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் காட்டினேன். இரண்டைத்தான் சொன்னான். அவன் படிக்கவில்லை, ஒப்பித்தான். வகுப்பில் மற்றவர்கள் படிக்கும்போது காதால் பிடித்து முழுப் பக்கத்தையும் மனத்தில் ஏற்றியிருக்கிறான். இவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியலில் கிடைத்த பெயர் 'மந்தம்'. உண்மையில் அவனுக்கு இருந்தது டிஸ்லெக்சியா: அறிவில் குறையில்லாமல் வாசிப்பு மட்டும் தடுமாறும் நிலை.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பானவன், வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். மார்கன் அதைப் பிறவிச் 'சொற்குருடு' என்று குறிப்பிட்டார். அந்தப் பெயர் செய்த கெடுதலோ என்னவோ, இன்றும் பலர் இதைக் கண் கோளாறு என்றே நினைத்து, வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் பணம் கொட்டுகிறார்கள். பார்வையையும் செவித்திறனையும் முதலில் சோதிப்பது அவசியம்தான். ஆனால் டிஸ்லெக்சியாவில் தடுமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது: சொல்லை ஒலிகளாகப் பிரித்து, அந்த ஒலிகளை எழுத்தோடு பொருத்தும் வேலையில்.

அதனால் நான் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் தொடங்குவேன். "'பட்டம்' என்ற சொல்லில் 'ப'வை எடுத்துவிட்டு 'வ' போடு, என்ன வரும்?" மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே 'வட்டம்' என்பார்கள். இந்தப் பையன் கூரையைப் பார்த்தான்.

தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம், ஆகவே இந்தச் சிக்கல் ஆங்கிலத்துக்குத்தான் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பாதி உண்மை. ஆங்கிலத்தில் அது பிழையாகப் பளிச்சென்று தெரியும். தமிழில் பெரும்பாலும் வேகக் குறைவாக ஒளிந்திருக்கும். நம் எழுத்திலும் பள்ளங்கள் உண்டு. 'கொடி' என்று எழுதிப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு, பிறகு 'க', பிறகு கால். காதில் விழுவதோ முதலில் 'க்', அப்புறம் 'ஒ'. உயிரொலிக்கான குறி மெய்க்கு முன்னும் பின்னும் உடைந்து நிற்கிறது. நம் பையன் அதைக் 'கெடி' என்பான், சில நாள் 'காடி' என்பான். கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பது இன்னொரு பள்ளம். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டாம். அது நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் அப்படித்தான்.

அவனுக்கு என்ன செய்தோம்? பத்து முறை எழுதும் தண்டனையை முதலில் நிறுத்தினோம். வாசிக்கத் தெரியாத சொல்லைப் பத்து முறை எழுதுவது படம் வரைவதற்குச் சமம். தினமும் இருபது நிமிடம், ஒரு வரிசை எழுத்து மட்டும். ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணல் தட்டில் விரலால் எழுதுவான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் செய்ததுதான். இப்போது அதற்குப் பயிற்சி வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குகிறோம். சமூக அறிவியலையும் அறிவியலையும் அம்மாவே படித்துக் காட்டினார். வாசிப்பு தேறும்வரை அறிவும் காத்திருக்க வேண்டியதில்லையே. வகுப்பில் எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்வதை ஆசிரியர் கைவிட்டார். இந்த ஒன்றுக்காக நான் இரண்டு முறை பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியாவும் அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான மதிப்பீடும் சான்றிதழும் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பில், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடி வருபவர்களே அதிகம். மூன்றாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் அப்போதே வாருங்கள்.

எட்டு மாதத்தில் பையன் விரலும் வாயும் ஒரே சொல்லில் நிற்கும் அளவுக்கு வந்தான். மெதுவாகத்தான், ஆனால் உண்மையாகவே படித்தான். இது பரம்பரையாகவும் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். லேத் பட்டறை நடத்துபவர்; எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டிவிடுவார். முதல் நாள் நான் கொடுத்த படிவத்தை வாங்கியதும் படிக்காமல் மனைவியிடம் நீட்டியவர் அவர்தான்.