முந்திரிகைத் தேறல்: ‘வைன்’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் பந்தலில் குலைகுலையாய்த் தொங்கும் பழம். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கஜு. நாங்கள் அதை மரமுந்திரிகை என்று பிரித்துச் சொல்கிறோம். வடமொழி ‘மிருத்வீகா’ முந்திரிகை ஆயிற்று, ‘திராக்‌ஷா’ திராட்சை ஆயிற்று. இரண்டும் கடன்சொற்களே என்பதால், எங்கள் தோட்டங்களில் புழங்கும் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

பழத்துக்குப் பெயர் இருக்கிறது. தடுமாற்றமெல்லாம் அதன் மதுவுக்குத்தான். ‘இரசம்’ என்றால் அப்போதுதான் பிழிந்த சாறும் அதுவே. சாராயம் காய்ச்சி வடிப்பது. கள் நொதிக்க நொதிக்கக் கலங்கலாகவே குடிப்பது. ‘மது’ எல்லாவற்றுக்கும் பொது.

பொருத்தமான சொல் தேறல். தேறு என்றால் தெளி. கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டையிலும் இதே வேர் இருக்கிறது. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று பாண்டியன் நன்மாறனுக்குச் சொல்வது கடல்வழி வந்த மதுவை. ஆனால் திருமுருகாற்றுப்படையில் மூங்கிற் குழாயில் முற்றிய தேன்மதுவும் தேறல்தான். அதனால் ‘முந்திரிகை’ என்ற அடைமொழி கட்டாயம் வேண்டும்.

இந்தச் சொல்லை விடாமல் வலியுறுத்துவதற்குக் காரணம், தொழிலின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. நொதிப்பு அடங்கி சாற்றின் அடர்த்தியைக் காட்டும் அடர்த்திமானி 0.995 அளவுக்கு இறங்கியபின் ஒரு கிழமை அசையாமல் விட்டால் மதுவம் (சாற்றை நொதிக்க வைக்கும் ஈஸ்ட்) அடியில் மண்டியாகப் படியும். தெளிவை மட்டும் குழாயால் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது இறுத்தல். குழாயின் வாய் மண்டிக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். மறுமுனை புதுப் பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால் காற்று கலந்துவிடும். கெடாமல் காக்கப் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று 10 லீற்றருக்கு 1 கிராம் போதும். கழுத்துவரை நிரப்பிக் காற்றடைப்பு (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத மூடி) வைத்து, ஆறு முதல் எட்டுக் கிழமையில் மறுபடி இறுத்தெடுக்க வேண்டும். மாதக்கணக்கில் தடித்த மண்டிமேலே விட்டால் செத்த மதுவம் சிதைந்து கூழ்முட்டை மணம் ஏறும்.

தேறாமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பழத்தைக் கொதிக்க வைத்தால் பழத்தின் பசைப்பொருளான பெக்ரின் சாற்றில் கரையும், அதை உடைக்கும் நொதியமும் அழியும். பிறகு எத்தனை மாதம் வைத்தாலும் புகைபோன்ற கலங்கல் போகாது. மற்றது எங்கள் வெயில். நொதிப்பே சூடு தருவதால் பாத்திரம் 35 பாகையைத் தாண்டினால் மதுவம் தளரும். சீனி மிஞ்சி, மெல்லிய குமிழிகள் விட்டுவிட்டு எழுந்து மண்டியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். ஈரச்சாக்குச் சுற்றி நிழலில் வைத்தால் சமாளிக்கலாம். (மதுவரி அனுமதி இல்லாமல் இதைச் செய்வது குற்றம்.)

காற்றுப்பட்டுப் புளித்தால் அது காடி, எங்கள் பேச்சில் வினாகிரி. போத்துக்கீசரின் ‘வினாக்ரே’ புளித்த வைன் என்றே பொருள்படும். இலத்தீன் ‘வீனும்’தான் ‘வைன்’ என்பதற்கும் மூலம். ஆக அந்தச் சொல் நானூறு ஆண்டுக்கு முன்னரே எங்கள் குசினிக்குள் வந்துவிட்டது, கெட்டுப்போன நிலையில்.

சிவப்பு வகை செந்தேறல், வெள்ளை வெண்தேறல். இறுத்தெடுக்கும்வரை அதற்கு நொதிசாறு என்றே பெயர். போத்தலின் பின்னால் ரோச் விளக்குப் பிடித்து, ஒளி கலங்காமல் மறுபக்கம் வந்த பிறகு ‘தேறல்’ என்று சுட்டி ஒட்டலாம்.