பிளேஸ்மென்ற் ரெஸ்டுக்கு பாஸ் மார்க் இல்லை அம்மா

போன கிழமை வெள்ளவத்தையில, வெளிநாட்டுப் படிப்புக்குப் போற பிள்ளையளுக்கு வழிகாட்டுற என்ர ஒபிசுக்கு ஒரு அம்மா வந்தவ. மகன் ஏ எல் முடிச்சிட்டு அமெரிக்காவில ஒரு கொம்யூனிற்றி கொலிஜுக்குப் போறான், ஒபர் லெட்டரும் கையில, ஆனா அக்கியூபிளேசர் எண்டு ஏதோ ஒரு ரெஸ்ட் செய்யச் சொல்லி மெயில் வந்திருக்காம், கதிரையில இருக்க முதலே கேட்டா "மிஸ், இதுக்குப் பாஸ் மார்க் 35 தானே?" எண்டு. ஓ எல்லில 35 எண்டா எஸ், 50 எண்டா சி எண்டு பழகின சனத்துக்கு வேற என்ன வாயில வரும், நானும் இந்த வேலைக்கு வந்த புதுசில அப்பிடித்தான் கேட்டனான்.

இது பிளேஸ்மென்ற் ரெஸ்ட், இதில பாஸ், பெயில் எண்டு ஒண்டுமே இல்லை. கொலிஜில எடுக்கிறதோ விடுறதோ எண்டு பார்க்கிற சோதினை இல்லை இது, எடுத்தாச்சு, இனி இங்கிலீசுக்கும் கணக்குக்கும் எந்த வகுப்பில கொண்டுபோய் இருத்துறது எண்டு பார்க்கிறது. புள்ளி 200க்கும் 300க்கும் இடையில வரும், எந்தப் புள்ளிக்கு எந்த வகுப்பு எண்டு அந்தந்தக் கொலிஜ்தான் முடிவெடுக்கும், அதால சித்தப்பாவின்ர மகள் வேற ஸ்ரேற்றில இவ்வளவு எடுத்தவள் எண்டு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை.

சரி, பெயில் இல்லாட்டி சும்மா போய்ச் செய்வம் எண்டு நினைக்கிறதும் பிழை. புள்ளி குறைஞ்சா அடிப்படை வகுப்பில போடுவினம், அதுக்கும் வெளிநாட்டு மாணவர் ரேட்டில காசு கட்டவேணும், ஆனா அந்த கிரெடிட் பெரும்பாலும் டிகிரிக்குச் சேராது. டொலரை ரூபாய்க்கு மாத்திப் பாருங்கோ, தலை சுத்தும்.

என்னட்ட வந்த ஒரு தம்பியின்ர கதையைச் சொல்லுறன். கணக்கில கெட்டிக்காரன், கம்பைன்ட் மெத்ஸில பி. வீட்டில இருந்து ஒன்லைனில முதல் கணக்கு ரெஸ்டை 20 கேள்வியும் பதினொரு நிமிசத்தில முடிச்சிட்டு போன் எடுக்கிறான், "மிஸ், முன்னுக்குச் செய்த கேள்விக்குத் திரும்பப் போகேலாமக் கிடக்கு." போகேலாதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் குடுக்கிற விடையைப் பார்த்துத்தான் கொம்பியூட்டர் அடுத்ததை எடுத்துப் போடும், சரியா வந்தா கஷ்டமானது, பிழைச்சா லேசானது, பதில் குடுக்காம தாண்டவும் ஏலாது. எங்கட பிள்ளையளுக்கு எம்சிக்யூ எண்டா ரெண்டு மணித்தியாலத்தில 50 கேள்வி, தெரியாததை வட்டம் போட்டு விட்டிட்டுக் கடைசியா வாறது, ரியூசன் சேர்மார் வருசக்கணக்கா அடிச்சு அடிச்சுப் பழக்கின பழக்கம் அது. இஞ்ச அது காலை வாரும். இன்னொண்டு, கட்டுரையைத் தவிர மற்றப் பகுதிகளுக்கு இந்த ரெஸ்டில நேரக் கட்டுப்பாடு இல்லை, ஒரு கேள்வியோட பத்து நிமிசம் இருந்தாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம், அவனுக்கு அதை ஆரும் சொல்லேல்லை.

பிறகு பக்கத்தில இருத்தி பயிற்சிக் கேள்வி செய்விச்சுப் பார்த்தன். பின்னம், சதவீதம், சமனிலி எல்லாம் தண்ணி மாதிரி, மடக்கை அட்டவணையோட வளர்ந்த பிள்ளை, கல்குலேற்றர் இல்லாததும் அவனுக்குப் பிரச்சினை இல்லை (சொந்தக் கல்குலேற்றர் கொண்டுபோக விடமாட்டினம், தேவையான கேள்விக்கு மட்டும் ஸ்கிரீனில வரும்). ஒரு இடத்தில பேனையை வைச்சிட்டு முழிக்கிறான். "ஸ்லோப் எண்டா என்ன மிஸ்?" தமிழ் மீடியத்தில படித்திறன் எண்டு படிச்சவன், இங்கிலீஷ் மீடியப் பிள்ளையளுக்கு அது கிரேடியன்ற், அமெரிக்காக்காரனுக்கு ஸ்லோப். அடுத்தது சில்லறைக் கணக்கு, இத்தனை நிக்கல் இத்தனை டைம் எண்டு கிடக்கு, நிக்கல் 5 சதம், டைம் 10 சதம், குவாட்டர் 25 சதம் எண்டு தெரியாட்டி அட்சரகணிதம் எவ்வளவு தெரிஞ்சும் என்ன செய்யிறது. அவனுக்குப் பிழைச்சது கணக்கு இல்லை, சொல்லு. ஒரு கொப்பியில நாப்பது சொல்லு எழுதிக் குடுத்தன், ரெண்டாம் தரம் ரெஸ்ட் செய்யக் கொலிஜ் விட்டிச்சு, நேரா கொலிஜ் அல்ஜிப்ராவில போட்டாங்கள்.

கட்டுரைக்கு 300 இல இருந்து 600 சொல்லு, அதையும் கொம்பியூட்டர்தான் திருத்தும், 8 வரைக்கும் புள்ளி. ஒரு சின்னப் பந்தி தந்து நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேப்பினம், எங்கட ஆக்களுக்கு அந்தப் பக்கமும் சரி இந்தப் பக்கமும் சரி எண்டு எழுதி நல்ல பிள்ளை எண்டு பேர் எடுக்கத்தான் தெரியும், ஒரு பக்கம் நிண்டு காரணம் சொல்லி எழுதோணும். பாடமாக்கின கட்டுரையை ஒட்டிப்போட்டு வாறதையும் விடுங்கோ.

சில கொலிஜில கணக்குக்கு அக்கியூபிளேசர் இல்லை, அலெக்ஸ் எண்டு வேற ரெஸ்ட். கூடினது 30 கேள்வி, விடையை நாங்களே ரைப் பண்ணோணும், தெரியாட்டி தெரியாது எண்டு அமத்தலாம். ஒரு பிள்ளைக்கு இதைக் கனடாவில இருக்கிற மச்சான் லொகின் பண்ணிச் செய்து குடுத்திட்டார், உதவியாம். புள்ளி அந்த மாதிரி, கொண்டுபோய் கல்குலஸில இருத்தினாங்கள், ஒரு மாசத்தில இரவு ரெண்டு மணிக்கு எனக்கு வட்சப்பில அழுகை. பிடிபட்டிருந்தா கொலிஜை விட்டே போகவேண்டி வந்திருக்கும், அது வேற கதை.

இந்த ரெஸ்டுகளை அங்கயே எல்லாரும் நம்புறதும் இல்லை. 2012 இல கொலம்பியா பல்கலைக்கழகத்தின்ர ஆய்வு ஒண்டு, கணக்கில நாலில ஒருத்தரும் இங்கிலீசில மூண்டில ஒருத்தரும் மோசமாப் பிழையான வகுப்பில போய் இருக்கினம் எண்டு சொல்லிச்சு. கொம்பஸ் எண்டு இதே மாதிரி இருந்த இன்னொரு ரெஸ்டை 2016 இல நிப்பாட்டியே போட்டாங்கள், கலிபோர்னியாவில 2017 இல ஏபி 705 எண்டு சட்டம் கொண்டுவந்து பள்ளிக்கூடப் பெறுபேறைத்தான் முதல் பார்க்கோணும் எண்டு வைச்சிட்டாங்கள். அதால காசு கட்டி ரெஸ்டுக்குப் பதிய முதல் கொலிஜுக்கு ஒரு மெயில் போடுங்கோ, ஓ எல், ஏ எல் ரிசல்டையோ ஐஈஎல்டிஎஸ் புள்ளியையோ காட்டினா ரெஸ்ட் இல்லாம விடுவினமோ, திரும்பச் செய்யலாமோ, எத்தனை நாள் இடைவெளி எண்டு கேளுங்கோ. பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில குடுக்கத் தேவையில்லை, அக்கியூபிளேசரை நடத்துற கொலிஜ் போர்ட் இலவசமாவே வைச்சிருக்கு.

எல்லாத்தையும் கேட்டிட்டு அந்த அம்மா "அப்ப 300 எடுத்தா நல்லம்தானே மிஸ்?" எண்டா. மகனை வியாழக்கிழமை பின்னேரம் கூட்டிக்கொண்டு வாங்கோ, கல்குலேற்றர் வேண்டாம், ஒரு கொப்பி மட்டும் காணும் எண்டு சொல்லி அனுப்பினனான்.