பச்சையம்: ஆகுபச்சயிலிருந்து குளோரோபில் வரை

ஆந்திரத்தின் நகரி ஊரில் ஒரு சேலைக் கடையில் ‘பச்சை நிறத்தில் காட்டுங்கம்மா’ என்று நான் தமிழில் கேட்டபோது, கடைக்கார அம்மா ‘ஆகுபச்சா, பசுபுபச்சா?’ என்று தெலுங்கில் திருப்பிக் கேட்டார். ஆகு என்றால் இலை. பசுபு என்றால் மஞ்சள். தெலுங்கில் ‘பச்ச’ என்ற சொல் தனித்து நின்றால் பச்சை நிறத்தையும் குறிக்கும், மஞ்சள் நிறத்தையும் குறிக்கும். ஆகையால் எந்தப் பச்சை என்பதை முன்னால் ஒரு சொல் சேர்த்துத்தான் தெளிவாக்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்தில் இரண்டு மொழிகளையும் கலந்து கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது அன்றாடப் பேச்சு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருளான பச்சையத்தின் ஆங்கிலப் பெயராகிய குளோரோபில் என்ற சொல்லை விளக்க இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் அந்தச் சொல்லும் இலை, பச்சை என்ற அதே இரண்டு உறுப்புகளால் ஆனது.

பாரிசில் மருந்தியலாளர்களாக இருந்த பெல்லத்தியே, கவந்து ஆகிய இருவரும் 1817இல் இலையிலிருந்து பச்சைப் பொருளைப் பிரித்தெடுத்து, கிரேக்க மொழியின் ‘குளோரோஸ்’, ‘பில்லோன்’ என்னும் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார்கள். பில்லோன் என்பது இலை. குளோரோஸ் என்பதைப் பச்சை என்று மட்டும் பெயர்த்துவிட்டால் அதன் பாதிப் பொருள் போய்விடும். முளைத்துவரும் தளிரின் வெளிறிய மஞ்சட்பச்சைதான் அதன் நிறம். பழங்கிரேக்கர் தேனின் நிறத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். சமஸ்கிருதத்தின் ‘ஹரி’, ‘ஹரித’ ஆகிய சொற்கள் இதே வேரிலிருந்து பிறந்தவை. அவையும் மஞ்சளுக்கும் பச்சைக்கும் பொதுவாக நிற்பவை, மஞ்சள் கிழங்கின் பெயரான ‘ஹரித்ரா’வும் அவற்றோடு சேர்ந்ததே. தெலுங்குப் பாடநூல்களின் ‘பத்ரஹரிதம்’, மலையாளத்தின் ‘ஹரிதகம்’ ஆகிய இரண்டும் இந்த வழியில் வந்தவை.

இங்கே ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். பெயரில் ‘குளோரோ’ இருப்பதால் பச்சையத்தில் குளோரின் இருக்கிறது என்று மாணவர்கள் எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குளோரின் வாயுவுக்கு 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி அந்தப் பெயரைச் சூட்டியதும் அதன் மஞ்சட்பச்சை நிறத்தைக் கொண்டுதான். பச்சையத்தின் மூலக்கூற்றில் குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு பெயர்களுக்கும் பொதுவாக இருப்பது நிறம் மட்டுமே.

தமிழில் இதற்குச் சரியான சொல் பச்சையம். பச்சை என்பதோடு ‘அம்’ ஈறு சேர, இடையில் யகரம் உடம்படுமெய்யாக வந்து அமைந்த பெயர் இது. பாடநூல்களில் நிலைத்துவிட்ட இச்சொல்லில் இலையைக் குறிக்கும் உறுப்பு இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பாசியிலும் இந்தப் பொருள் உண்டு, பாசிக்கு இலை கிடையாது. மேலும், பச்சையின் வேரான ‘பசு’, குளோரோஸைப் போலவே அகன்ற நிறப்பரப்பைக் கொண்டது: பசுந்தளிரும் அதில் அடங்கும், பசும்பொன்னும் அடங்கும், பிரிவுற்ற தலைவியின் மேனியில் படரும் பசலையும் அடங்கும். பச்சைக் குழந்தை, பச்சை மண் என்னும்போது முதிராமையும் ஈரமும் கூட வந்து சேர்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பச்சையம் என்பது பொருள், அது தங்கியிருக்கும் நுண்ணுறுப்பு பசுங்கணிகம். இவ்விரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதக்கூடாது.

இலைக்குள்ளும் பச்சையும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை ஆய்வு காட்டியது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெத், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இறக்கி, பச்சைப் பட்டைகளும் மஞ்சள் பட்டைகளும் தனித்தனியே பிரிந்து நிற்பதைக் கண்டு, அந்த முறைக்கு 1906இல் குரோமட்டோகிராபி என்ற பெயரும் கொடுத்தார். நாம் வண்ணப்பிரிகை என்கிறோம். அவருடைய குடும்பப் பெயருக்கு ரஷ்ய மொழியில் நிறம் என்றே பொருள். பச்சைப் பட்டைகளில் ஒன்று நீலம் கலந்த பச்சையம் ஏ, மற்றொன்று மஞ்சள் கலந்த பச்சையம் பி. மஞ்சள் பட்டைகள் கரோட்டினும் சாந்தோபில்லும். சாந்தோபில் என்றாலே ‘மஞ்சள் இலை’ என்றுதான் பொருள், அதன் நிறமே நம் ஊர்ப் பேச்சில் பசுபுபச்ச. செர்மானிய வேதியியலாளர் வில்ஸ்டாட்டர், வெவ்வேறு தாவரங்களிலும் பச்சையம் ஒன்றே என்பதையும் அதில் மக்னீசியம் இயல்பான உறுப்பு என்பதையும் நிறுவி, 1915இல் நோபல் பரிசு பெற்றார். நம் குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமில் நடுவே இரும்பு அமர்ந்திருப்பது போன்ற ஒரு வளையத்தில், பச்சையத்துக்கு மக்னீசியம் அமர்ந்திருக்கிறது. 1960இல் அமெரிக்க வேதியியலாளர் வுட்வர்டு பச்சையத்தை ஆய்வகத்திலேயே தொகுத்துக் காட்டினார்.

அந்த மக்னீசியம் வெளியேறுவதை அடுப்படியிலேயே காணலாம். கோங்குரா என்னும் புளிச்சகீரையை ஆய்ந்து காய்ந்த எண்ணெயில் போட்டால், பளிச்சென்று இருந்த இலை சில நிமிடங்களில் சுருண்டு, பழுப்பு கலந்த மங்கிய நிறத்துக்கு மாறிவிடுகிறது. சூட்டில் திசு உடைய, கீரையின் புளிப்பிலுள்ள அமிலம் பச்சையத்தைச் சென்றடைந்து, மக்னீசியத்தை அகற்றி அவ்விடத்தில் ஹைட்ரஜனை வைத்துவிடுவதால் ஃபியோஃபைட்டின் என்ற பொருள் உண்டாகிறது. புளிப்பில்லாத கீரையைக்கூட மூடாமல் வேகவைக்கச் சொல்வார்கள்; ஆவியாகும் அமிலங்கள் வெளியேறிவிட்டால் பச்சை ஓரளவு நிலைக்கும்.

வயலில் பச்சையம் உருவாகாமற்போகும் நிலைக்குப் பச்சையச் சோகை என்று பெயர். இரும்பு பச்சையத்தின் மூலக்கூற்றில் இல்லை. ஆனாலும் பச்சையத்தை ஆக்கும் வேலைக்கு இரும்பு வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமற்போவதால் நிலக்கடலைச் செடி வெளிறுகிறது. அதற்குத்தான் இரும்பு உப்பான அன்னபேதியைக் கரைத்து இலையில் தெளிக்கிறார்கள். அப்படி வெளிறிய கடலைச்செடியின் இளந்தளிர் ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தால், நரம்புகள் மட்டும் ஆகுபச்சயாகவும், அவற்றின் இடைவெளி முழுவதும் பசுபுபச்சயாகவும் தெரியும்.