நிறைப் பாய்வு வீதம்

ஒரு குழாயின் குறுக்குவெட்டைக் கடந்து நொடிக்கு எத்தனை கிலோகிராம் வாயு செல்கிறது என்பதே நிறைப் பாய்வு வீதம். தொழிற்கூடங்களில் இதை 'மாஸ் ஃப்ளோ' என்றே சொல்கிறார்கள். மாஸ் என்பது இலத்தீன் 'மாஸ்ஸா' வழி வந்தது. பிசைந்த மாவின் உருண்டையே அதன் பழைய பொருள். (திரை ரசிகர்கள் சொல்லும் 'மாஸ்' வேறு கதை.)

தமிழில் சிக்கல் முதற்சொல்லில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பொருளின் அளவை 'நிறை' என்றும், அதன்மேல் புவி செலுத்தும் ஈர்ப்பு விசையை 'எடை' என்றும் பிரிக்கின்றன. இலங்கைப் பாடநூல்களிலோ முன்னது 'திணிவு', பின்னதுதான் 'நிறை'. ஆகவே ஒரே சொல் பாக்கு நீரிணையைக் கடந்ததும் வேறோர் அளவாகிவிடுகிறது. நிறுத்தலோடு உறவுடைய நிறை, தராசுத் தட்டில் ஒப்பிட்டு அறிவதைச் சுட்டுகிறது. எடுத்தல் என்பதன் வழிவந்த எடை, தூக்கும் கைக்குத் தெரியும் பாரத்தைச் சுட்டுகிறது. இந்தப் பிரிவு இயற்பியலோடு நன்றாகவே பொருந்துகிறது. திணிவும் அழகிய சொல்தான். ஆனால் புறநானூற்றின் 'மண் திணிந்த நிலன்' காட்டுவதுபோல் அது செறிவையே முதலில் நினைவூட்டுவதால், அடர்த்தியோடு குழம்ப இடமுண்டு. 'பொருண்மை' என்போரும் உளர். மொழியியலார் அதைச் சொற்பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டனர். ஆகவே நிறையே என் தேர்வு. இலங்கை வாசகரும் படிப்பதாயின் திணிவை ஒருமுறை உடன் குறிப்பது நன்று.

நீருக்கு இச்சொல் அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய எங்கும் ஒரு கிலோகிராம்தான். வாயுவின் கனஅளவோ அழுத்தத்தோடும் வெப்பநிலையோடும் மாறுவதால், கனஅளவை மட்டும் சொன்னால் எவ்வளவு வாயு சென்றது என்பது விளங்காது. அந்த இடைவெளியை 1834-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாப்பிரான் ஒருங்கிணைத்த நல்லியல்பு வாயுச் சமன்பாடு நிரப்புகிறது: தனி அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தம்), கனஅளவுப் பாய்வு வீதம், மோலார் நிறை (ஒரு மோல் வாயுவின் நிறை) மூன்றையும் பெருக்கி, வாயு மாறிலியான 8.314-ஐக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் நிறைப் பாய்வு வீதம் கிடைக்கும்.

அழுத்தமானி 7 பார் காட்டும் காற்றுக் குழாயில், 35 பாகை செல்சியசில், குழாய்க்குள் உள்ள நிலையிலேயே மணிக்கு 60 கன மீட்டர் பாய்வதாகக் கொள்வோம். மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே. எனவே தனி அழுத்தம் 8.013 பார், அதாவது 8,01,300 பாஸ்கல். வெப்பநிலை 308.15 கெல்வின், காற்றின் மோலார் நிறை மோலுக்கு 0.02897 கிலோகிராம். இவற்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 9.06 கிலோகிராம் என்றும், நிறைப் பாய்வு வீதம் மணிக்குச் சுமார் 544 கிலோகிராம் என்றும் வருகின்றன. வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறந்தால் விடை 475-ஆகக் குறையும்; செல்சியஸ் எண்ணை அப்படியே இட்டால் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெருகும். பின்னதை எவரும் கண்டுபிடித்துவிடுவர். நம்பத்தக்கதாய்த் தோன்றும் முன்னதுதான் ஆபத்தானது.

தொழிற்கூடங்களில் வழங்கும் 'நார்மல் கன மீட்டர்' கனஅளவுபோல் ஒலித்தாலும் உண்மையில் நிறையின் மாற்றுருவமே: 0 பாகையிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு கன மீட்டர் உலர்காற்று 1.293 கிலோகிராம் இருக்கும். மேற்கண்ட பாய்வை அவ்வலகில் மணிக்கு ஏறத்தாழ 420 என்பர். 'ஸ்டாண்டர்டு கன மீட்டர்' என்று எழுதுவோரிடம் மட்டும் வெப்பநிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலர் 15 பாகையையும் சிலர் 20 பாகையையும் மனத்தில் வைத்து எழுதுகிறார்கள்.